அடியில்லாத ஷூ

என் ராசாவுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம், நீ சுகமா என்று ஆரம்பித்து, ஊர்ச் சேதி அத்தனையும் சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வருவதுதான் என் வழக்கம். இன்றைக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. உன் கடிதம் நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்துத் தையல் ரூமுக்கே வந்துவிட்டது. நம் வீடு வரைக்கும் மேடு ஏறுகிற சோலியை மிச்சம் பிடித்துக்கொண்டு, "பட்டாளத்து முத்திரை போட்டிருக்கும்மா, நல்ல சேதியாத்தேன் இருக்கும், வெரசாப் பிரிங்க" என்று ஜன்னல் வழியாகவே நீட்டினார் தபால்காரர். நின்றபடியே பிரித்தேன். மெடிக்கலில் பாஸ் ஆகிவிட்டாய், டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார், மூச்சை இழு, விடு என்றார், ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார், ராணுவ பேண்டில் பேக்பைப் வாசிக்கச் சேர்த்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மடிப்பு வைத்து அடுக்கியிருந்த பேண்டு வாசிக்கிற பிள்ளைகளின் பாவாடைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை மடிப்பும் போச்சு. திரும்ப இஸ்திரி போட சாயங்காலம் வரைக்கும் ஆனது. சந்தோஷமாகத்தான் போட்டேன்.

கடிதத்தின் அடியில் இன்னொன்றும் கேட்டிருந்தாய். அங்கே கொடுத்திருக்கிற பூட்ஸ் கல்லு மாதிரி இருக்கிறது, பள்ளிக்கூட நாளில் என் ஷூவுக்கு நீ என்னென்னவோ பண்ணுவாயே, எல்லாவற்றையும் எழுது என்று. உன் அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். "பட்டாளத்துக்கே நீ பூட்ஸு போடச் சொல்லிக் குடுக்கப் போறியாக்கும்" என்றார். ஏன், சொல்லிக் கொடுத்தால் என்ன? பட்டாளத்துக்குத் துப்பாக்கி தெரியும். உன் காலை எனக்குத்தான் தெரியும். நீ இதைக் கூட இருக்கிற பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாய் என்றும் தெரியும். படி. அவர்களுக்கும் கால் இருக்கிறதே.

முதலில் உன்னுடைய முதல் ஷூ. அது உனக்கு மறந்திருக்காது, உன் குதிகாலுக்கு நிச்சயமாக மறந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் பைப் தருவார்கள், தொப்பி தருவார்கள், வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டில் கட்டுகிற மாதிரி கட்டம் போட்ட பாவாடையை நானே தைத்துத் தருவேன். ஷூ மட்டும் அவரவர் வீட்டிலிருந்து வர வேண்டும். உன் அப்பா காய்கறி லாரியில் பழனிக்கு இறங்கியவர், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். வளர்கிற பிள்ளை என்று பெரிய சைஸாகப் பார்த்து வாங்கியிருந்தார். உன் கால் அதற்குள் போனதும், அண்டாவில் கரண்டியைப் போட்ட மாதிரி ஆடியது. "துணியைத் திணிச்சுக்கிட்டாச் சரியாப் போயிரும், ரெண்டு வருசம் ஓடும்ல" என்றார். ரெண்டு வாரம்தான் ஓடியது. மழையில் நனைந்து வந்ததைக் காய வைக்கிறேன் என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் பார்த்தால் அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் காலில் ரப்பர் செருப்பைத் தவிர வேறெதுவும் ஏறியதில்லை. வம்சத்திலேயே முதன்முதலாகப் பாவாடை கட்டப்போகிற ஆம்பளைப் பிள்ளை நீதான் என்று உன்னைக் கேலி பண்ணிக்கொண்டே, அதே பாவாடையோடு உன்னை நடுத்தெருவில் நிறுத்தி எல்லோருக்கும் காட்டியவரும் அவர்தான்.

அவரும் நானும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோமே தவிர, எனக்கு உள்ளுக்குள் வேறு கவலை. உன் நெஞ்சு. சின்னப் பிள்ளையில் உனக்கு இளைப்பு வரும். மார்கழிப் பனி இறங்கினால் போதும், உன் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருப்பேன், படுக்க வைத்தால் மூச்சு திணறும். ஒரு தடவை உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தெளிந்த பிறகு, உன்னைத் தூக்கிக்கொண்டு நேராகக் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனேன். அங்கே பின்பக்கம் நின்று பார்த்தால் கீழே பழனி மலை தெரியுமே, அதைப் பார்த்துத்தான் வேண்டிக்கொண்டேன். இவன் மூச்சை நேராக்கிக் கொடு, இவனுக்கு மாலை போட்டு, காலில் செருப்பில்லாமல் உன் வாசலுக்கு நடக்க வைக்கிறேன் என்று. வருஷம் போகப்போக இளைப்பு குறைந்தது. நீ பெரிய வகுப்புக்கு வந்தபோது அறவே நின்றுவிட்டது. வேண்டுதலை மட்டும் நான் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு வருஷம் பரீட்சை, ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் எனக்கே உடம்பு சரியில்லை.

அந்த நிலைமையில்தான் நீ பேக்பைப் ஊத வேண்டும் என்று நின்றாய். உலகத்தில் எத்தனை வாத்தியம் இருக்கிறது, மூச்சையெல்லாம் ஒரு பைக்குள் கொட்டி வாசிக்கிற வாத்தியம்தான் உனக்குக் கிடைத்ததா என்று கேட்டேன். டிரம் அடியேன், டிரம்மும் பேண்டுதானே என்று கெஞ்சினேன். நீ கேட்டால்தானே. கொல்லைப்பக்கம் போய் நின்று பழகினாய். முதலில் வந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் அடுப்படியில் நின்று சத்தத்தைக் கேட்கவில்லை, சத்தம் நின்ற பிறகு நீ எப்படி மூச்சு விடுகிறாய் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகவே விட்டாய். அப்போது பழனியிலிருந்து உன் அத்தை வந்து இறங்கினார்கள். அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறவர்களுக்கு வேண்டுதல் கணக்கெல்லாம் மறக்குமா? "முருகன் குடுத்த மூச்ச வச்சு வெள்ளைக்காரன் பாட்டு ஊதுறான், அவரு வாசலுக்கு இன்னும் வரலையாக்கும்" என்று ஒரே வார்த்தை சொன்னார்கள். அந்தத் தை மாதமே உனக்கு மாலை போட்டோம். செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தாய். அந்த வருஷம் நீ பழகுகிற பிள்ளைகளில் ஒருத்தன்தான், அணிவகுப்பில் நிற்கப்போவதில்லை, ஆகையால் தைப்பூசம் வரைக்கும் வெறுங்காலோடு இருப்பதில் ஒரு இடைஞ்சலும் வராது என்று நினைத்தோம்.

அடுத்த வாரமே ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டது. அவன் இடத்துக்கு உன்னைப் போட்டுவிட்டார்கள். குடியரசு தினத்தன்று பேண்டு ஏரியைச் சுற்றி வந்து மைதானத்தில் ஏற வேண்டும். அது முடிந்து சில நாள் கழித்துத்தான் தைப்பூசம். நீ வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் முகத்தில் சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக நின்றது. இப்போது யோசித்தாலும் எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது. ஷூ போட்டால் வேண்டுதல் கெட்டுவிடும், கெட்டால் இளைப்பு திரும்பி வந்துவிடும் என்பது என் பயம். வெறுங்காலோடு போனால் உறைபனி உள்ளங்கால் வழியாக நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பது அதைவிடப் பெரிய பயம். போகவே வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் நெஞ்சிலேயே வந்து முட்டியது.

பேண்டு மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். மனுஷன் கோபக்காரர் இல்லை, ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆளும் இல்லை. பட்டாளத்தில் பைப் வாசித்துவிட்டு வந்தவர். சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர், ஆனாலும் மாலை என்றதும் முகம் சுளிக்கவில்லை. "உங்க வேண்டுதல நான் தப்பு சொல்லலைங்கம்மா. எங்க வீட்லயும் வேளாங்கண்ணிக்கு நடப்பாக. ஆனா பேண்டுல ஷூங்கிறது அழகுக்கு இல்லைங்க. கால் கடிச்சா நடை கோணும். நடை கோணுனா கை இடுக்குல இருக்க பை அசையும். பை அசைஞ்சா சுதி ஆடும். ஒருத்தன் சுதி ஆடுனா மொத்த பேண்டும் போச்சு. அதுலயும் நம்ம ரோடு பூராவும் ஜல்லி. வெறுங்காலோட எப்படிங்க கூட்டிட்டுப் போவேன்?" என்றார். வேறு பிள்ளையைப் போட நாளும் இல்லை என்று அவரும் கையைப் பிசைந்தார்.

வீட்டுக்கு வந்து, இன்னும் ஊருக்குத் திரும்பாமல் இருந்த உன் அத்தையிடம் புலம்பினேன். அவர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "என்னடி வேண்டுன, சரியாச் சொல்லு" என்றார்கள். செருப்பில்லாமல் நடக்க வைக்கிறேன் என்றேன். "பாதம் மண்ணுல படணும், அம்புட்டுத்தேன். பனிக்குச் சொட்டர் போடுறான், தலைக்கு மப்ளர் கட்டுறான், அதெல்லாம் வேண்டுதலுக்கு ஆகாதுன்னு யாரும் சொன்னாகளா? உள்ளங்காலு தரையில இருக்கணும். மேல என்ன கெடக்குன்னு முருகன் குனிஞ்சா பாப்பாரு?" என்றார்கள். அவர்கள் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். எனக்குத் தையல்காரி புத்தி. உள்ளங்கால் தரையில், மேல்பக்கம் ஷூ. அப்படியே எழுந்து தையல் ரூமுக்குப் போனேன்.

தொப்பிக்கு வாங்கின கறுப்புத் துணியில் மிச்சம் கிடந்தது. அதை இரண்டு மடிப்பாக வைத்து, உன் புறங்காலை அளந்து, ஷூவின் மேல்பாகத்தை அப்படியே தைத்தேன். நாக்கு வைத்தேன், ஓட்டை போட்டுக் கயிறு கோத்தேன், குதிகாலுக்குப் பின்னால் விறைப்பாக நிற்க அட்டை கொடுத்தேன். அடி மட்டும் இல்லை. பாதத்துக்குக் கீழே ஒரு நாடா கூட ஓடக் கூடாது என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன். அப்புறம் அது காலில் நிற்க வேண்டுமே. நீளக் காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டு அதோடு சேர்த்துத் தைத்தேன், கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஒரு நூல் வளையம் வைத்தேன், மேலே கணுக்காலை மூடுகிற வெள்ளை உறையைப் பொத்தான் போட்டு இறுக்கினேன். நீ போட்டுக்கொண்டு எழுந்து நின்றாய். மேலேயிருந்து பார்த்தால் ராணுவ ஷூ, பாலீஷ்தான் கொஞ்சம் மட்டு. காலைத் தூக்கினால் உள்ளங்கால் உன்னைப் பார்த்துச் சிரிக்கும். உன் அப்பா குப்புறப் படுத்துக்கொண்டு அடியைப் பார்த்தார். "ஏலே, முருகனையும் ஏமாத்தல, மாஸ்டரையும் ஏமாத்தல, உங்க ஆத்தா எமகாதகிடா" என்றார்.

மாஸ்டரிடம் ஒளிக்கவில்லை. நீயே காலைத் தூக்கிக் காட்டினாய். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. "நாளைலருந்து வெள்ளனே வந்து இந்த ரோட்டுலயே ஊதிக்கிட்டு நட. ஒரு இருமல் வந்தாலும் நிறுத்திருவேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார். உன் காலடிச் சத்தம் வராது, அதனால் நடு வரிசை. "சத்தத்த மத்தவங்க போடட்டும், உனக்கு ஊதுறதுதான் வேலை" என்றார். தினமும் காலையில் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி, உன் உள்ளங்காலிலும் நெஞ்சிலும் தேய்த்து அனுப்பினேன். நீ திரும்பி வரும்வரை எனக்கு ஒரு வேலை ஓடாது. வந்ததும் முதுகில் காதை வைப்பேன். "விடும்மா, ஒண்ணுமில்ல" என்று நெளிவாய்.

அந்த நாள் வந்தது. ஏரிக்கரைப் புல்லெல்லாம் உப்பைக் கொட்டின மாதிரி உறைபனி. சனம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. தூரத்தில் பைப் சத்தம் கேட்டதும் எனக்கு ஒன்று புத்தியில் பட்டது. மற்ற வாத்தியத்தில் ஊதுகிறவன் மூச்சு நின்றால் பாட்டும் நிற்கும். இந்தப் பைப்பில் அப்படி இல்லை. பையில் காற்று இருக்கிறவரை அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருக்கும். உனக்கு மூச்சு முட்டினாலும் என் காதுக்குத் தெரியாது. அதனால் நான் பாட்டைக் கேட்கவேயில்லை. கூட்டத்தை முண்டிக்கொண்டு முன்னால் போய் உன் கன்னத்தைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன். கன்னம் சிவந்திருந்தது. உதடு சிவந்திருந்தது. நீலம் இல்லை. அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

மைதானத்துக்கு ஏறுகிற சரிவில்தான் அந்தக் கூத்து. உனக்கு முந்தின வரிசையில் பீட்டர் போனானே, அவனுக்கும் வளர்கிற பிள்ளை என்று அவன் வீட்டில் பெரிய ஷூவாக வாங்கித் துணி திணித்து விட்டிருந்தார்கள். ஈரச் சரிவில் கால் வழுக்க, ஷூ தன் வழியில் போய்விட்டது. அவன் நிற்க முடியுமா? ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ், அதன் நுனியில் திணித்த துணி தொங்க, கண்ணில் தண்ணீர் முட்ட, ஊதிக்கொண்டே போனான். கிடந்த ஷூவை நீ பார்க்காமலே தாண்டினாய். பின்னால் வந்த டிரம் பிள்ளைகள் அதை உதைத்து உதைத்தே மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊர் முழுக்க பீட்டர் காலைத்தான் பார்த்தது. உன் காலை ஒருத்தரும் பார்க்கவில்லை. நீ ஒரு தடவை கூடத் தடுமாறவில்லை. எல்லாம் முடிந்து மாஸ்டர் என் பக்கம் வந்தார். "ஷூ போட்டவன் வெறுங்காலோட வந்து சேந்தான், வெறுங்காலோட வந்தவன் ஷூவோட வந்து சேந்தான். இனி பிள்ளைக காலை நீங்களே அளந்து சொல்லிருங்கம்மா. கடைல வாங்குறத அப்புறம் அவுக பாத்துக்கிடட்டும்" என்றார். அன்றைக்குப் பிடித்துத்தான் ஷூ விஷயத்தில் எனக்கு வாய் வந்தது. பீட்டரின் அம்மாதான் முதல் ஆளாக, கால் அளவு வரைந்து வாங்கப் பழுப்புக் காகிதத்தோடு அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஆகையால் கேட்டுக்கொள். பட்டாள ஸ்டோரில் எடுத்து வீசின பூட்ஸை அப்படியே வைத்துக்கொண்டிருக்காதே, மாற்றச் சொல்லிக் கேள். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பார். நீ எந்தக் காலுறையோடு நடக்கப் போகிறாயோ அதோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். உனக்கு இடது கால் ஒரு நூல் பெரிசு, அதற்குச் சரியாக இருந்தால் வலதுக்குச் சமாளித்துக்கொள்ளலாம். பையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டே நடந்து பார், சும்மா நடக்கிற நடை வேறு, பையோடு நடக்கிற நடை வேறு. விரலுக்கு முன்னால் கட்டைவிரல் நகம் அளவுக்கு இடம் இருக்கட்டும். குதிகால் மட்டும் உள்ளே ஏறி இறங்கக் கூடாது. அப்படி இறங்கினால் துணி திணிக்காதே, பீட்டரை நினைத்துக்கொள், திருப்பிக் கொடுத்து மாற்று. சங்கடப்படாதே. புது பூட்ஸை நேராக அணிவகுப்புக்குப் போட்டுக்கொண்டு போகாதே, தங்குகிற இடத்தில் கொஞ்ச நாள் போட்டுப் பழக்கு. கடிக்கிற இடத்தில் உள்பக்கம் விளக்கெண்ணெய் தடவு. நனைந்தால் உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டி வைத்து நிழலில் காயப் போடு. அடுப்பு, வெயில் இரண்டும் ஆகாது, உன் அப்பாவின் அப்பளம் ஞாபகம் இருக்கட்டும். கயிற்று நுனி வெளியே தொங்கக் கூடாது, பக்கத்துப் பிள்ளை மிதித்தால் இரண்டு பேரும் விழுவீர்கள்.

அந்தத் தைப்பூசத்துக்கு வில்பட்டி வழியாக மலைப்பாதையில் இறங்கினோம். நீ முன்னால் நடந்தாய், நான் உன் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தேன். அன்றைக்கு மேல்பாகம் கூட இல்லை, முழு வெறுங்கால். படியெல்லாம் ஏறி, கும்பிட்டு, மாலையைக் கழற்றிவிட்டு, நீ மண்டபத்தில் ஒரு தூணோரம் சுருண்டு தூங்கிவிட்டாய். பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு வந்தவள் அப்படியே உட்கார்ந்து உன் முதுகில் காதை வைத்தேன். பூனைக்குட்டி இல்லை. மூச்சு மட்டும் போய்ப் போய் வந்தது. உன் அப்பா பக்கத்தில் நின்று, "இன்னுமா கேக்குற, அதான் குடுத்துட்டாருல்ல" என்றார். கொடுத்துவிட்டார்தான். எனக்கு நம்பத்தான் இத்தனை வருஷம் ஆனது. அப்புறம் நீ திண்டுக்கல்லில் தங்கிப் படித்தபோது உனக்கு எழுதின கடிதம் எதை எடுத்தாலும் முதல் வரியில் இளைப்பு வருகிறதா என்றுதான் கேட்டிருப்பேன். ஒரு தடவை நீ எரிச்சலாகப் பதில் எழுதினாய், அம்மா, எனக்கு நெஞ்சைத் தவிர வேறு உறுப்பே இல்லையா என்று. அதைப் படித்துவிட்டு அடுத்த கடிதத்திலும் அதையேதான் கேட்டேன்.

நான் கேட்டு, காதை வைத்து, பார்த்துப் பார்த்துத் தீராததை, யாரோ ஒரு டாக்டர் குழாயை வைத்துக் கேட்டு ஒரே கையெழுத்தில் தீர்த்துவிட்டார். அவர் நன்றாக இருக்கட்டும். இந்தக் கடிதம் எவ்வளவு நீளம் பார். திருப்பிப் படித்துப் பார், உனக்கு இப்போது இளைப்பு வருகிறதா என்று எங்கேயாவது கேட்டிருக்கிறேனா? கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். பூட்ஸ் கடிக்கிறதா, அதை மட்டும் எழுது.

உன் அம்மா